மீண்டும் நீரில் விடுதல்

பொழுதுபோக்கிற்காகத் தூண்டிலிட்டுப் பிடித்த மீனை மீண்டும் நீரில் விட்டுவிடின் பாவமில்லையென்று கூறுவாருளர். நாம் அதனை அவ்வளவு இலகுவில் ஒப்புக்கொள்ள மாட்டோம். விடப்பட்ட மீன் நீந்திச் சென்றதைக் காண்கின்றோமேயன்றி, மறுநாள் அது உயிரோடிருந்ததைக் கண்டோமா?

1992இல் கனடிய ஆராய்ச்சியாளர் வெளியிட்ட முடிவு சிந்திக்கற்பாலது. தொட்டியிற் களைக்கும்வரை துரத்தப்பட்ட ரவுட் மீன்களுள் (ஆங்கிலேயர் நுவரெலியாவிற்குக் கொணர்ந்த அதே மீன்தான்) நீரிலேயே இருந்தவற்றில் நூற்றுக்கு 12 இறந்தன. துரத்தியபின் 30 விநாடி காற்றிற் பிடிக்கப்பட்டவற்றில் 38. ஒரு நிமிடம் பிடிக்கப்பட்டவற்றிலோ 72! நீரைவிட்டு எடுத்ததும் செவுளிதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மூச்சு எங்ஙனம் வரும்?

சிறு வள்ளங்களில் நிகழ்வது இன்னுங் கொடிது. மீனை வாளியிலிட்டு, வெயிலிற் காயவைத்து, கரையில் நண்பருக்குக் காட்டியபின் விடுகின்றனர். நீர் சூடேறச் சூடேற அதிற் கரைந்துள்ள ஒட்சிசன் குறையும். மீனுக்கு வேண்டுவதோ கூடும். வாளியை மூடி நிழலில் வைத்தலும், நீரை அடிக்கடி மாற்றுதலும் பெருங் கஷ்டமான காரியங்களா? உலர்ந்த கையால் தொட்டால் மீனுடலைக் காக்கும் வழுவழுப்பு நீங்கிவிடும். வள்ளத்தருகே, நீரினுள் வைத்தே முள்ளைக் கழற்றிவிடுதல் இவையனைத்தினும் மேல். படமெடுத்தே தீரவேண்டுமெனின், கமெராவை முதலில் ஆயத்தஞ் செய்துகொண்டு பின்னர் மீனைத் தூக்குக.