மூக்குத்தியைக் காத்த சட்டம்

செகந்திராபாத் தமிழ்ப் பெரியோர்களுக்கும், அண்ணன் அக்காமார்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வணக்கம்.

2023 அக்டோபர் 17 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமண வழக்கில் தீர்ப்பு வழங்கியது. அந்த வழக்கே நம் ஊர்க்காரர் ஒருவரின் பெயரால்தான் அறியப்படுகிறது. ஹைதராபாத்தில் வாழும் சுப்ரியோ சக்கரவர்த்தியும் அவர் துணைவர் அபய் டாங்கும் தொடுத்த மனு அது. எதிர்ப்பும் நம் ஊரிலிருந்தே போனது. தெலங்கானா மர்கஸி ஷியா உலமா கவுன்சில் தன்னையும் வழக்கில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டது. திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமையல்ல என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். மறுஆய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. வழக்கு முடிந்துவிட்டது. ஆனால் வழக்கையொட்டி எழுந்த அச்சம் முடியவில்லை. தன்பாலீர்ப்பாளர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்கச் சட்டம் வந்தால் பக்தியுள்ளவர்களின் வாய் அடைக்கப்படும், கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் தங்கள் வழக்கங்களைக் கைவிட வேண்டிவரும் என்கிற அச்சம் அது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறு மொழி பேசும் ஊரில் தன் கோயிலையும் தன் சபையையும் பாடுபட்டுக் கட்டிக் காத்த சமூகம் நம்முடையது. ஆனால் நான் குடியேறிய தென்னாப்பிரிக்காவில் நடந்தவற்றைப் பார்த்தால் அந்த அச்சத்துக்கு நேரெதிரான முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்த ஒரு தமிழ்க் குடும்பத்து மாணவி 2004இல் மூக்குக் குத்திக்கொண்டு வகுப்புக்குப் போனாள். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களின் சந்ததிதான் அந்த ஊரின் பெரும்பாலான தமிழர்கள். பலருக்குத் தமிழ் பேச வராது; ஆனால் காவடியும் மூக்குத்தியும் தொடர்கின்றன. காதில் சிறு தோடு தவிர வேறு நகை கூடாது என்பது பள்ளியின் விதி. மூக்குத்தி இந்து மதத்தில் கட்டாயமில்லையே, கழற்றினால் என்ன குறைந்துவிடும் என்று பள்ளி கேட்டது. தாய் விடவில்லை. சமத்துவ நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது, உயர் நீதிமன்றம் தாயின் பக்கம் நின்றது, கடைசியில் 2007 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி பயஸ் லங்கா தீர்ப்பெழுதினார். கட்டாயமில்லாத வழக்கமானாலும் ஒருவரின் அடையாளத்தோடு ஒன்றிப்போயிருந்தால் அதற்கும் பாதுகாப்பு உண்டு, அதற்கு விலக்களிக்க மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்றது தீர்ப்பு. நம் இந்தியாவிலோ ஒரு வழக்கம் மதத்துக்கு இன்றியமையாததா என்று நீதிமன்றம் அலசுகிறது. அந்தச் சோதனையில் தேறாவிட்டால் பாதுகாப்பும் கிடைப்பதில்லை. கர்நாடக ஹிஜாப் வழக்கில் டர்பன் மாணவியின் தீர்ப்பை எடுத்துக்காட்டி வாதிட்டும் 2022இல் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை.

அந்தத் தமிழ்ப் பெண்ணின் மூக்குத்தியைக் காத்தது தென்னாப்பிரிக்கா 2000ஆம் ஆண்டு இயற்றிய பாகுபாட்டுத் தடைச் சட்டம். எந்தெந்தக் காரணங்களுக்காக ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று அது பட்டியலிடுகிறது. மதம், மனசாட்சி, பண்பாடு, மொழி ஆகியவை இருக்கும் அதே பட்டியலில் பாலீர்ப்பும் இருக்கிறது. நாட்டின் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பிலும் அப்படித்தான். நிறவெறி ஆட்சியில் நொந்தவர்கள் எழுதிய பட்டியல் அது. யாரை விடலாம் என்று கணக்குப் பார்த்து எழுதியதல்ல. பாலீர்ப்பு என்ற சொல்லை அடித்துவிட்டு மதம் என்ற சொல்லை மட்டும் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று இங்குள்ள தமிழர் யாரும் நினைத்தால், தன் மகளைக் காக்கும் சுவரிலேயே செங்கல்லை உருவுகிறார் என்றுதான் சொல்வேன்.

நம் நாட்டில் அந்தச் சுவரே இன்னும் எழவில்லை. அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு முதன்மையாக அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது. கடை, உணவகம், விடுதி போன்ற பொது இடங்களுக்கு மட்டும் அது தனியாரையும் தொடுகிறது. தனியார் முதலாளி வேலை மறுத்தாலும், வீட்டுக்காரர் வீடு மறுத்தாலும், மதமே காரணமானாலும்கூட, தட்டிக்கேட்கப் பொதுவான சட்டம் கிடையாது. ஒரே சமூகத்தாருக்கு மட்டும் என்று வீட்டுவசதிச் சங்கம் விதி வைத்துக்கொள்ளலாம் என 2005இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பெயரைக் கேட்டதும் டுலெட் போர்டைக் கழற்றும் வீட்டுக்காரர்கள் ஹைதராபாத்தில் எத்தனை பேர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திருநர்களுக்கு 2019இல் ஒரு சட்டம் வந்தது. தன்பாலீர்ப்பாளர்களுக்கு அதுவும் இல்லை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அவர்களைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து நீக்கியது, அவ்வளவுதான். மறுநாள் காலை வேலையை விட்டு நீக்கினால் என்ன செய்வது என்பதற்கு விடை சொல்ல ஒரு சட்டம் வேண்டும். சசி தரூர் மக்களவையில் கொண்டுவந்த பாகுபாட்டு எதிர்ப்பு மசோதா தனிநபர் மசோதாவாகவே நின்றுபோனது. அது சட்டமாகியிருந்தால் வீடு மறுக்கப்படும் முஸ்லிமுக்கும் கிறிஸ்தவருக்கும் சேர்த்தே பயன்பட்டிருக்கும்.

இனி, பாவம் என்று நம்புவதைப் பாவம் என்று சொல்லக்கூட உரிமை இருக்காதா என்ற கேள்வி. இருக்கும், இருக்கவும் வேண்டும். ஜான் க்வெலானே என்ற பத்திரிகையாளர் 2008இல் தன்பாலீர்ப்பாளர்களை விலங்குகளோடு சேர்த்து இழிவுபடுத்தி எழுதிய பத்தி இங்கே அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2021இல் வந்த தீர்ப்பு இரண்டு காரியங்களைச் செய்தது. அந்தப் பத்தி வெறுப்புப் பேச்சே என்றது. அதோடு, மனம் புண்படும் பேச்சையே தடை செய்த சட்டவரியைச் செல்லாதென்று நீக்கியது. புண்படுத்துவது வேறு, கேடு விளைவிக்கத் தூண்டுவது வேறு என்று கோடு கிழித்தது. ஆகவே போதகர் பிரசங்க மேடையில் தன் வேதத்தின்படி போதிக்கலாம். கேட்பவருக்கு வலிக்கும் என்பதால் மட்டும் அது குற்றமாகாது. நம்பிக்கை உள்ளவர்கள் கேட்கும் பாதுகாப்பும் இதுதானே?

கோயிலிலும் சர்ச்சிலும் கட்டாயப்படுத்தித் திருமணம் செய்துவைக்கச் சொல்வார்கள் என்பது அடுத்த பயம். 2006இல் தென்னாப்பிரிக்கா தன்பாலினத் திருமணத்தை ஏற்றபோது, மத அமைப்புகளில் விரும்பி விண்ணப்பிப்பவற்றுக்கு மட்டுமே அதை நடத்திவைக்கும் அதிகாரம் தந்தது. எந்த அர்ச்சகரையும் எந்தப் பாதிரியாரையும் அது வற்புறுத்தவில்லை. அரசு ஊழியர்களுக்கும் மனசாட்சியின் பேரில் விலகிக்கொள்ள முதலில் இடமிருந்தது. நாளடைவில் பல அலுவலகங்களில் பதிவு செய்துவைக்க ஆளே இல்லை என்ற நிலை வந்ததும் 2020இல் அந்தச் சலுகையை நாடாளுமன்றம் நீக்கியது. இரண்டும் சரியென்றே நினைக்கிறேன். கருவறையில் நிற்பவர் தன் ஆகமத்துக்குக் கட்டுப்பட்டவர். அரசு கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவரோ வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரின் வரிப்பணத்திலும் சம்பளம் வாங்குகிறார். யாருக்குக் கையெழுத்துப் போடுவது என்று பொறுக்கியெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை.

எனக்கே கடினமாகப் படுவது இவை இரண்டுக்கும் நடுவிலுள்ள இடம்தான். சபை நடத்தும் பள்ளி, அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனை, சங்கத்தின் இசை வகுப்பு ஆகியவற்றை எந்தப் பக்கம் வைப்பது? பிரிட்டோரியாவின் மோரலெட்டா பார்க் சபை தன் கலைப்பள்ளியில் இசை கற்பித்த ஒருவரை அவர் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக நீக்கியது. சபையின் மத உரிமையை மறுக்காத சமத்துவ நீதிமன்றம், அந்த ஆசிரியர் ஆன்மிகத் தலைமைப் பொறுப்பில் இல்லை, ஆர்கன் வாசிக்கத்தான் கற்றுக்கொடுத்தார் என்பதைக் கணக்கில் எடுத்து, நீக்கம் நியாயமற்றது என்று 2008இல் தீர்ப்பளித்தது. ஆயராக யார் இருக்கலாம் என்பதைச் சபை முடிவு செய்யட்டும். கணக்கு வாத்தியாரும் நர்ஸும் வாட்ச்மேனும் வேலையில் எப்படி என்று மட்டும் பார்த்தால் போதும். இந்த அளவுகோல் எல்லா வழக்கையும் தீர்க்காது. வேதபாட வகுப்பும் சேர்த்து எடுக்கும் ஆசிரியர் விஷயத்தில் சண்டை வரத்தான் செய்யும். எல்லையில் தகராறு இருக்கிறது என்பதற்காக ஒட்டுமொத்த நிலத்தையும் ஒருவருக்கே எழுதிக்கொடுத்துவிட முடியுமா?

என் வீடு, என் கடை, என் நம்பிக்கை என்பவர்களுக்கு நம் சொந்த வரலாறே பதில் வைத்திருக்கிறது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்டவர்களை மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றபோது எதிர்த்தவர்களில் பலர் உண்மையான பக்தர்கள். சாஸ்திரம் தடுக்கிறது என்று மனதார நம்பியவர்கள். 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் கடைக்கும் உணவகத்துக்கும் மருத்துவமனைக்கும் வந்தபோது அந்த நம்பிக்கையை யாரும் அவர்கள் நெஞ்சிலிருந்து பிடுங்கவில்லை. அதன் பேரில் அடுத்தவருக்குக் கதவடைக்கக் கூடாது என்று மட்டும் சட்டம் சொன்னது. சாதியும் பாலீர்ப்பும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. சாதிக்கொடுமையின் ஆழமும் நீளமும் தனி. ஒதுக்குவதற்கு அன்று சொன்ன காரணமும் இன்று சொல்லும் காரணமும் ஒன்றாக இருக்கின்றன என்கிறேன். தன் வீட்டுக்குள்ளேயே ஓர் அறையை வாடகைக்கு விட்டு ஒரே அடுப்பில் சமைப்பவருக்குச் சட்டம் விலக்குத் தந்தால் நான் ஆட்சேபிக்க மாட்டேன். பத்து ஃபிளாட் வைத்து வாடகை வாங்குபவருக்கு அந்த விலக்கு பொருந்தாது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்பாரும் உண்டு. உண்மையில் வெளியிலிருந்து வந்தது தண்டிக்கும் சட்டம்தான். நிஜாம் அரசின் 1919ஆம் ஆண்டுச் சட்டம் திருநங்கைகளின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதவைத்தது. பெண்ணுடையில் பொது இடத்தில் பாடினாலோ ஆடினாலோ வாரன்ட் இல்லாமல் கைது செய்யலாம் என்றது. வெள்ளைக்காரனின் 1871ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதியது அது. தெலங்கானா உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதென்று அறிவித்தது 2023 ஜூலையில்தான். தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவும் 1860இல் வெள்ளைக்காரன் ஆட்சியில் வந்திறங்கியதே.

ஒதுக்கப்படுபவர் ஏதோ தூரத்து மனிதர் அல்ல. நம் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை எழுதியவரின் மகனாக, நம் பாடகர் குழுவில் பாடும் பெண்ணாக அவர் நம்மோடேயே இருக்கிறார். வாய் திறந்தால் வீடு போகும், வேலை போகும் என்று மறைந்து வாழ்கிறார். அவர் வேண்டுவது உங்கள் பூஜையை மாற்றுவதையல்ல. ஆகவே இரண்டு கோரிக்கைகள். நம் சங்கங்களும் அறக்கட்டளைகளும் நடத்தும் பள்ளி, விடுதி, கல்யாண மண்டபம் ஆகியவற்றின் விதிகளில் சாதி, மதம் என்று எழுதியிருக்கும் வரியில் பாலீர்ப்பு என்பதையும் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்திலேயே சேருங்கள். வேலைக்கும் வாடகைக்கும் பொருந்தும் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வேண்டும், மதமும் பாலீர்ப்பும் இரண்டும் அதில் இருக்க வேண்டும் என்று தெலங்கானா அரசுக்கு நம் சமூகத்தின் பெயரால் ஒரு மனு எழுதுங்கள். கையெழுத்துப் போட ஹைதராபாத்தின் மற்ற சிறுபான்மையினரையும் அழையுங்கள். ஷியா உலமா கவுன்சிலையும் சேர்த்தே.

அன்புடன்,
உங்களில் ஒருவன்