விரியும் அலகா, விரியாத அலகா?

பென்சில்வேனியாவில் இருக்கும் அக்கா மகன் மான் வேட்டைக்கு உரிமம் எடுத்திருக்கிறான். கிராஸ்போவும் வாங்கியாயிற்று. அம்பு முனைக்கு ஃபிக்ஸட் பிளேடு வாங்குவதா, எக்ஸ்பாண்டபிள் வாங்குவதா என்று கேட்டு எழுதியிருந்தான். கடன் விண்ணப்பம் பார்க்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? :-) ஆனாலும் கேட்டுவிட்டானே என்று உட்கார்ந்து படித்தேன். படித்ததில் எனக்கென்று ஒரு கட்சி உருவாகிவிட்டது. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் இன்னும் சிலருக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

இந்தியாவில் இருப்பவர்கள் செய்தியாக மட்டும் படிக்கவும். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், சிறை உண்டு. அங்கே நிலைமை வேறு. வெள்ளைவால் மான்கள் ஏராளம். மாநில அரசுகளே சீசன் குறித்து, உரிமம் கொடுத்து எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கின்றன. பென்சில்வேனியாவில் 2009 முதல் வில் சீசனில் கிராஸ்போவையும் எல்லோரும் பயன்படுத்தலாம். வேட்டை சரியா தவறா என்பது தனி விவாதம். அம்பு விடுவது என்று முடிவான பிறகு, அந்த மான் சீக்கிரம் சாகிறதா, காயத்தோடு ஓடி எங்கோ புதரில் கிடந்து சாகிறதா என்பதுதான் நம் கேள்வி.

துப்பாக்கிக் குண்டு மாதிரி அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை. வெட்டி, ரத்தம் வெளியேறித்தான் மான் சாகிறது. நுரையீரலிலோ இதயத்திலோ பட்டால் சில நொடிகளில் விழுந்துவிடும். ஆனால் அதற்குள் கொஞ்ச தூரம் ஓடியிருக்கும். ரத்தச் சுவட்டைப் பிடித்துப் போய்த்தான் தேடி எடுக்க வேண்டும். ஆக முனைக்கு மூன்று வேலை: குறி வைத்த இடத்துக்குப் போக வேண்டும், உள்ளே இறங்க வேண்டும், நன்றாக வெட்ட வேண்டும்.

நிலை அலகு என்பது பிளேடுகள் எப்போதும் நீட்டிக்கொண்டே இருப்பது. வெட்டு அகலம் பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றே கால் அங்குலம். அசையும் பாகம் கிடையாது. கெட்டி. தீட்டித் தீட்டி மறுபடி உபயோகிக்கலாம். விரியும் அலகு பறக்கும்போது மடங்கியிருக்கும், மானின் மேல் பட்டதும் விரியும். ஒன்றரை அங்குலம், இரண்டு அங்குலம் வரை வெட்டும். அநேகமாக ஒரு தடவை பட்டால் பிளேடை மாற்ற வேண்டியதுதான்.

பழைய ஆட்கள் சொல்வது ஒன்றே ஒன்று: "அசையும் பாகம் இருந்தால் ஒருநாள் காலை வாரும்." கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது.

மேரிலாந்து மாநிலத்தில் இண்டியன் ஹெட் என்ற இடத்தில் அமெரிக்கக் கடற்படைத் தளம் ஒன்று உண்டு. அங்கே 1989-இல் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, வில்லாலும் கிராஸ்போவாலும் அடிபட்ட மான் ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்தார்கள். நிலை அலகு பட்ட மான்கள் 1,066. கிடைத்தவை 874, அதாவது 82 சதவீதம். விரியும் அலகு பட்டவை 230. கிடைத்தவை 209, அதாவது 91 சதவீதம். நூற்றுக்குப் பதினெட்டு மான் காணாமல் போவதற்கும் ஒன்பது போவதற்கும் உள்ள வித்தியாசம். சரிபாதி!

இதில் சில ஓட்டைகள் இருப்பது எனக்கும் தெரிகிறது. ஒரு பக்கம் ஆயிரத்துக்கு மேல், இன்னொரு பக்கம் வெறும் இருநூற்றுச் சொச்சம். யாருக்கு எந்த முனை என்று சீட்டுப் போட்டுக் கொடுக்கவும் இல்லை. இருந்தாலும் ஆளாளுக்குச் சொல்லும் கதையைவிட வருஷக்கணக்கில் எழுதி வைத்த பேரேடு மேல்.

அப்படியானால் விரியும் அலகுக்கு இந்தக் கெட்ட பெயர் ஏன்? வரவு வைக்கும் தலைப்பில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். விரியும் அலகு போட்டு மான் தப்பினால் "பிளேடு விரியவில்லை" என்று முனையின் கணக்கில் எழுதுகிறார்கள். நிலை அலகு போட்டுத் தப்பினால் "என் குறி தப்பிவிட்டது" என்று தன் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். அந்தக் குறி தப்பியதற்கே முனை காரணமாக இருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

கிராஸ்போவில் இது முக்கியம். இன்றைய கிராஸ்போக்கள் பல, நொடிக்கு 350 அடிக்கு மேல் அம்பை விடுகின்றன. அந்த வேகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளேடு சிறகு மாதிரி காற்றைப் பிடித்து அம்பைத் திருப்பும். மடங்கிய அலகில் இந்தத் தொல்லை குறைவு. அடுத்தது சக்தி. விரிவதற்கும் அகலமாக வெட்டுவதற்கும் சக்தி செலவாகும் என்பது உண்மை. ஆனால் 400 கிரெய்ன் அம்பு 350 அடி வேகத்தில் போனால் சுமார் 109 அடி-பவுண்டு. அதே அம்பு சாதாரண காம்பவுண்ட் வில்லில் 270 அடி வேகத்தில் போனால் 65தான் வரும். கையில் இவ்வளவு இருப்பு இருக்கும்போது கொஞ்சம் செலவழித்தால் குடி முழுகிவிடாது.

ஆகவே என் ஓட்டு விரியும் அலகுக்கு. அதற்காக விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு அங்குல இரட்டைப் பிளேடு, ஒன்றே அரைக்கால், அதாவது 1 1/8 அங்குல மூன்று பிளேடைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வெட்டும் என்பது போலக் காட்டுகிறார்கள். மூன்று பிளேடின் வெட்டையும் கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 1.7 அங்குலம் வருகிறது. வித்தியாசம் உண்டு, ஆனால் இரண்டு மடங்கெல்லாம் இல்லை.

கடன் கொடுக்கும்போது நிபந்தனை போடுவது என் தொழில். இதற்கும் சில:

1. கிராஸ்போவுக்கென்று செய்த முனையாகப் பார்த்து வாங்கவும். விடும் வேகத்திலேயே விரிந்துவிடாதபடி அதில் பிடிப்பு இறுக்கமாக இருக்கும்.

2. பழைய, வேகம் குறைந்த கிராஸ்போ என்றால் நிலை அலகே நல்லது. இருப்பு இல்லாத கணக்கில் செலவு செய்யக் கூடாது.

3. மான் பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும் விடவும். சாய்ந்த கோணத்தில் விரியும் அலகு வழுக்கிப் போக வாய்ப்பு அதிகம். முன்னால் இருந்து சாய்வாக என்றால் எந்த முனையானாலும் வேண்டாம்.

4. எந்த முனையோடு காட்டுக்குப் போகிறோமோ அதை வைத்தே பயிற்சி செய்யவும். மூன்று முனை கொண்ட பெட்டி நாற்பது, ஐம்பது டாலர் ஆகிறதே என்று ஒன்றைப் பயிற்சிக்கு ஒதுக்கத் தயங்குவது தப்புக் கணக்கு.

5. மாநில விதியை அந்தந்த வருஷம் பார்க்கவும். பென்சில்வேனியாவில் வெட்டு அகலம் குறைந்தது 7/8 அங்குலம் இருக்க வேண்டும்.

6. தூரம். கிராஸ்போ சத்தம் போடும். ஒலி நொடிக்குச் சுமார் 1,100 அடி போகும், அம்பு 350தான். ஐம்பது கஜத்தில் சத்தம் கேட்டு, அம்பு வந்து சேர்வதற்குள் மானுக்குக் கால் நொடிக்கு மேல் கிடைக்கிறது. அதற்குள் அது குனிந்துவிடும். நுரையீரலுக்கு வைத்த குறி முதுகில் படும். முப்பது கஜத்தில் அந்த நேரம் 0.18 நொடியாகக் குறைகிறது. தூரத்தில் விட்ட தப்பை எந்த அலகும் சரி செய்யாது.

கடைசி நிபந்தனைதான் எல்லாவற்றிலும் பெரியது. சரியான முனையைத் தேடி மாதக்கணக்கில் வாதாடுகிறவர்கள், அறுபது கஜத்தில் மான் நின்றால் கை துறுதுறு என்று விட்டுவிடுகிறார்கள். நமக்கு அது கை தவறிய ஓர் அம்பு. மானுக்கு அது ராத்திரி முழுக்க வலி. கோணமும் தூரமும் சரியில்லை என்றால் விடாமல் வீட்டுக்கு வாருங்கள். சீசன் அடுத்த வருஷமும் வரும்.

இதில் நேரடி அனுபவம் உள்ளவர்கள் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். மாற்றுக் கருத்து என்றால் இன்னும் நல்லது, ஆனால் கணக்கோடு வாருங்கள்.