கதைக்கும் வெட்டுப்புள்ளியா?

நாலு கதை இருக்கிற ஒரு காமிக்ஸ் ஸ்பெஷலை வாசித்து முடித்த கையோடு நம்மட ஆக்கள் செய்கிற முதல் வேலை என்ன? மார்க் போடுறது. டெக்ஸ் வில்லருக்கு 9, லக்கி லூக்குக்கு 8, தோர்கலுக்கு ஏழரை. கடைசியில் இருக்கிற, பேர் தெரியாத ஆளின் கதைக்கு 4. பக்கத்தில் "சொதப்பல்" என்று ஒரு சொல். விமர்சனம் முடிஞ்சுது.

அந்த நாலு மார்க்கோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் என்ட குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் கல்முனைக்குடியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சித்திரக்கதைத் தொகுப்பு செய்தோம். 24 பக்கம், ஐந்து கதை, போட்டோகொப்பி, நடுவில் ரெண்டு ஸ்டேப்ளர் பின். அவ்வளவுதான். ஒரு அஸருக்குப் பிறகு கடற்கரையில் வட்டமாக இருந்து ஒவ்வொரு கதைக்கும் பத்துக்கு எத்தனை எண்டு கேட்டோம். தொப்பி, குதிரை, துப்பாக்கி எல்லாம் வைத்து ஒருவன் டெக்ஸ் மாதிரியே கீறியிருந்தான். அதற்கு 9. ஓ.எல். படிக்கிற ஒரு தங்கச்சி நாலு பக்கம் கீறியிருந்தாள். அவளுடைய உம்மம்மா சமைக்கிறா, தொழுகிறா, பேரப்பிள்ளைக்குத் தலை வாருகிறா. வசனம் மூன்றோ நாலோ. "கதை எங்க மச்சான்?" என்றான் ஒருவன். நான் 4 போட்டேன். சபையும் அதையே போட்டது.

அவள் ஒண்டும் பேசவில்லை. கொப்பியை மடித்து பேக்கில் வைத்தாள். அடுத்த இதழுக்குக் கேட்டபோது, "எனக்குச் சோதனை இரிக்கி காக்கா" என்றாள்.

ரெண்டு மாதம் கழித்து அந்தப் போட்டோகொப்பியை இன்னொரு தரம் புரட்டினேன். நாலு பக்கத்திலும் ஒரு ஜன்னல் இருக்கிறது. நாலிலும் பூட்டித்தான் இருக்கிறது. மற்ற ஜன்னலெல்லாம் திறந்திருக்க, அது மட்டும் பூட்டி. கடைசிக் கட்டத்தில் பேரப்பிள்ளை கொளுக்கியில் கை வைக்கிறாள், உம்மம்மா அந்தக் கையைப் பிடிக்கிறா. அது கடல் பக்கத்து ஜன்னல். 2004 டிசம்பர் 26 நம்மட ஊருக்கு என்ன செய்தது எண்டு தெரிந்தவனுக்கு இதற்கு மேல் வசனம் எதற்கு? அந்தக் கடலுக்கு முன்னால் இருந்துகொண்டுதான் நான் அந்தக் கதைக்கு 4 போட்டிருக்கிறேன்.

இது கவனக்குறைவு மட்டும் எண்டு தப்பிக்க நான் தயாரில்லை. பழுது மார்க் போடுகிற முறையிலேயே இருக்கிறது. பத்துக்கு எத்தனை எண்டு கேட்டதும் மனம் ஏற்கெனவே பிடித்த கதையை எடுத்துப் பக்கத்தில் வைத்து அளக்கும். அதனால் தெரிந்த ஹீரோவுக்குப் பாதி மார்க் கதை தொடங்க முன்னமே விழுந்துவிடும். புதுசாக ஒன்றைச் செய்து பார்த்தவனுக்கு அந்தப் பாதி கிடையாது. ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசிலில் தொடங்கி ஏ.எல். இசட் புள்ளி வரைக்கும் வெட்டுப்புள்ளியோடு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். சந்தோஷத்துக்கு வாசிக்கிற புத்தகத்துக்கும் அதே பரீட்சை மண்டபத்தைத் திறந்து வைத்திருக்கிறோம்.

பழைய உதாரணம் ஒன்று பாருங்கள். தமிழில் முத்து காமிக்ஸ் 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. அந்த மாயாவி பிறந்தது 1962இல், 'வேலியண்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில். அது பல கதைகளை வாரத்துக்கு ரெண்டு மூன்று பக்கமாகக் கொடுத்த ஒரு தொகுப்பு இதழ். முதல் கதையில் லூயிஸ் கிராண்டேல் நல்லவனே இல்லை. கை போய், மின்சாரம் பாய்ந்து, உடம்பு மறைகிற சக்தி வந்ததும் புத்தி பேதலித்துக் களவெடுக்கப் போகிறவன். நாம் கொண்டாடுகிற உளவாளி மாயாவி பிறகு உருவானவன். அந்த முதல் வாரங்களில் "ஹீரோவே சரியில்ல, 4" எண்டு மூடிவிட்டிருந்தால், சிவகாசிக்கு வந்து சேர மாயாவி இருந்திருக்க மாட்டான்.

"ஜப்பானில் வாக்குப் போட்டுத்தானே எல்லாம் நடக்குது?" என்று கேட்பீர்கள். உண்மைதான். 1968இல் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்' இதழில் வாசகர்கள் தபாலட்டையில் பிடித்த மூன்று கதைகளை எழுதி அனுப்புவார்கள். தொடர்ந்து கீழே கிடக்கிற தொடர் நிறுத்தப்படும். தொண்ணூறுகளின் நடுவில் அந்த இதழ் 65 லட்சம் பிரதி வரைக்கும் போனது. 'டிராகன் பால்' தொடக்கத்தில் கொஞ்சம் தளர்ந்தபோது, அகிரா தொரியாமா தற்காப்புக் கலைப் போட்டி ஒன்றைக் கதைக்குள் கொண்டுவந்து தூக்கி நிறுத்தினார். ஆனால் ரெண்டு விஷயத்தைக் கவனியுங்கள். அங்கே கேட்டது "எது பிடிச்சுது" என்று. பத்துக்கு நாலு எண்டு யாருடைய நெற்றியிலும் எழுதவில்லை. அடுத்தது, அந்த அட்டைக்குப் பதில் சொல்ல, அடுத்த வாரமே கதையைத் திருப்ப, கீறுகிற ஆள் அங்கேயே இருந்தார்.

தமிழில் நாம் வாசிப்பது பெரும்பாலும் மொழிபெயர்ப்பு. டெக்ஸ் வில்லர் 1948இலிருந்து இத்தாலியில் ஓடுகிறது. லக்கி லூக் பெல்ஜியத்துக்காரர் மொரிஸ் கீறியது. நம்மட 4 மார்க்கைப் பார்த்து அங்கே ஒருவரும் பென்சிலைத் திருத்தப் போவதில்லை. அந்த மார்க் போய்ச் சேருகிற இடம் ஒன்றே ஒன்று: அடுத்து எந்தக் கதையைத் தமிழுக்கு வாங்குவது என்று முடிவெடுக்கிற மேசை. பதிப்பாளரில் பிழை சொல்ல முடியாது, விற்காத கதையை அவர் எத்தனை தரம் போடுவார்? நாம் 4 போடப் போட, தெரிந்த தொப்பியும் தெரிந்த குதிரையும்தான் திரும்பத் திரும்ப வரும். பிறகு "எப்பவும் ஒரே மாதிரிக் கதையா வருது" எண்டு முறைப்பாடும் நாமேதான்.

காசுக் கதையும் எனக்குத் தெரியும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறிய பிறகு, இந்தியாவிலிருந்து வருகிற ஒரு புத்தகம் நமக்கு என்ன விலை எண்டு சொல்லத் தேவையில்லை. யாரோ ஒருவர் பயணப் பையில் கொண்டுவந்த ஒரு பிரதியை ஊரில் பத்துப் பேர் வாசிக்கிறோம். "அப்ப வாங்கலாமா வேணாமா எண்டு சொல்ல மார்க் வேணும்தானே?" இல்லை, காரணம்தான் வேணும். "சண்டை குறைவு, மெதுவாகப் போகும், மழைக் காட்சிகளுக்காகவே பார்க்கலாம்" என்று ஒருவர் எழுதினால், அது எனக்கான புத்தகமா என்று எனக்கே விளங்கும். 6.5 எண்டு எழுதினால் என்ன விளங்கும்? பகிடிக் கதையையும் பழிவாங்கும் கதையையும் ஒரே தராசில் வைத்தால் அந்தத் தராசுக்குத்தான் அர்த்தமில்லை.

கடுமையாக எழுதக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. மோசமான கதை மோசம்தான், அதைச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்தில் விழுந்தது, எந்தக் கட்டத்தில் படம் சொன்னதையே வசனமும் சொல்லி அலுப்படித்தது, எங்கே மொழிபெயர்ப்பு நாக்கில் தடக்குது என்று காட்டிச் சொல்லுங்கள். அப்படிச் சொல்வதற்குத் திரும்ப வாசிக்க வேண்டி வரும். மார்க் போடத் திரும்ப வாசிக்கத் தேவையில்லை. அதனால்தான் அது இவ்வளவு லேசாக இருக்கிறது.

எழுபதுகளில் சிங்களத்தில் 'சித்தர', 'சதுட்ட' எண்டு வாராந்தச் சித்திரக்கதைப் பத்திரிகைகளே வந்தன. இந்தக் கரையில் நமக்கென்று கையில் இருப்பது 24 பக்கப் போட்டோகொப்பி. அதில் கீற வந்த ஒரு பிள்ளையையும் நாங்கள் மார்க் போட்டு அனுப்பிவிட்டோம்.

அடுத்த இதழுக்கு நான் ஒரு விதி கேட்கிறேன். எண் வேணாம். ஒவ்வொரு கதைக்கும் மூன்று வரி: கதை என்ன செய்யப் பார்த்தது, எந்தக் கட்டம் உங்களை நிறுத்தியது, எங்கே விட்டுப் போனது. ஒரு கிழமை இடைவெளி விட்டு ரெண்டு தரம் வாசித்த பிறகு எழுத வேணும். நான் என்ட மூன்று வரியை எழுதிவிட்டேன், அந்த ஜன்னல் கதைக்கு. அதை மடித்துக் கொண்டுபோய்த் தங்கச்சியிடமே கொடுத்தேன். இன்னும் பதில் வரவில்லை. நாலு பக்கம் அவளுக்கென்று வெறுமையாக வைத்திருக்கிறோம்.