கோம்பைக்குக் கொசுப்புகை போதாது, குழாய்த் தண்ணீர் வேண்டும்

ஐப்பசி மழை பிடித்ததும் கம்பம் பள்ளத்தாக்கில் காய்ச்சல் பேச்சும் ஆரம்பித்துவிடும். நாலு பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு தெருவில் புகை மருந்து அடிப்பார்கள், வீட்டுக்கு வீடு நோட்டீஸ் கொடுப்பார்கள். மழை விட்டதும் எல்லாம் மறந்துபோகும். கோம்பை, தேவாரம், பண்ணைப்புரம் போன்ற மலையடிவார ஊர்களுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. இங்கே டெங்கு வளரும் இடம் வீட்டுக்குள் இருக்கிற டிரம். எப்போது வரும் என்று தெரியாத குழாய்த் தண்ணீரை நம்பி இருப்பவர்கள், அந்த டிரம் இல்லாமல் எப்படிக் குடும்பம் நடத்துவார்கள்?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. மூடாமல் வைத்த நல்ல தண்ணீரைத்தான் தேடும். டிரம்முக்குள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உள்சுவரில் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். மிளகைவிடச் சிறிய கரும்புள்ளிகள், சட்டென்று கண்ணில் படாது. தண்ணீர் தீர்ந்து டிரம் காய்ந்தாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த தடவை தண்ணீர் பிடித்து மட்டம் ஏறியதும் பொரியும். அதிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். வாரத்துக்கு ஒருமுறை, பத்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடும் தெருவில், அடுத்த முறை வருவதற்குள் ஒரு தலைமுறைக் கொசு கிளம்பிவிடுகிறது.

டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் கொசுப்புழுக்கள் நெளிந்து நெளிந்து அடிக்கு ஓடும். தண்ணீரைக் கொட்டினால் அவை போகும், முட்டை போகாது. தேங்காய் நாரால் உள்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவி, வாய்க்குத் துணி கட்ட வேண்டும். வாரம் ஒருமுறை தவறாமல் செய்தால் கொசு பறக்கும் முன்பே முடிந்துவிடும். ஃபிரிட்ஜின் பின்தட்டு, கொல்லையில் கிடக்கும் ஆட்டுரல் குழி, சிரட்டை, பழைய டயர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நாய்க்குப் பேர்போன ஊர் கோம்பை, வாசலில் நாய்க்கு வைக்கும் தண்ணீர்ச் சட்டியையும் விட்டுவிடக் கூடாது.

இவ்வளவும் வீட்டுக்காரர் வேலை என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1939-ல் வந்த பொதுச் சுகாதாரச் சட்டம் கொசு உற்பத்தியைத் தடுக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தருகிறது. 2012-ல் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு வந்து 66 பேர் இறந்தார்கள். 2017-ல் பாதிப்பு 23,294, சாவு 65. அந்த 2017-ல்தான் மாநிலம் முழுக்க வீடுகளுக்கும் கடைகளுக்கும் அபராதம் போட்டார்கள். தண்ணீரைச் சேர்த்து வைத்தவருக்கு அபராதம் போடலாம் என்றால், சேர்த்து வைக்க வேண்டிய நிலைமையை உண்டாக்கியவர்களும் பதில் சொல்ல வேண்டும். அதைக் கேட்க ஆள் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

குழாயால் வரும் கெடுதல் டிரம்மோடு முடியவில்லை. தண்ணீர் விடாத நாட்களில் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. சாக்கடையை ஒட்டிப் போகும் குழாயில் சின்ன விரிசல் இருந்தாலும் கழிவுநீர் உள்ளே கசியும். தண்ணீர் விடும் நேரத்தில் யாராவது மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் வேகமாக இழுக்கும். மஞ்சள் காமாலை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் இப்படித்தான் குடத்துக்கு வந்து சேர்கிறது. உடம்புக்குள் போய் நோயாகத் தெரிய 15 முதல் 50 நாள் ஆகும். அதற்குள் எந்த வாரத்துத் தண்ணீர் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆள் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டிருப்பார், விரிசல் அப்படியே கிடக்கும். குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. மருந்துச் சொட்டு விட்டு மஞ்சள் நிறம் பார்க்கும் சின்ன வேலைதான். மேல்நிலைத் தொட்டியடியில் பார்த்துவிட்டு எழுதி வைக்கக் கூடாது, தெருக்கோடி வீட்டுக் குழாயில் பார்க்க வேண்டும். காய்ச்சி ஆறிய தண்ணீரைக் குடியுங்கள் என்று மக்களுக்குச் சொல்வது சரி. கூலிக்குப் போகிற வீட்டில் கேஸ் என்ன விலை என்பதையும் சொல்கிறவர்கள் யோசிக்கட்டும்.

அடுத்தது மலைக்குப் போகிறவர்கள் பாடு. விடிவதற்கு முன்பே ஜீப்புகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள், பெரும்பாலும் பெண்கள். ஒருவர் தும்மினால் சளிக் காய்ச்சல் அந்த ஜீப்பிலேயே பரவும். முந்தானையால் மூக்கை மூடுவதும், காய்ச்சல்காரர் இரண்டு மூன்று நாள் வீட்டில் இருப்பதும்தான் வழி. வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை என்பதால் அந்த இரண்டு நாள் யாருக்கும் கிடைப்பதில்லை. கொசு ஒழிப்புப் பணியாளர் அபேட் என்ற கொசுப்புழு மருந்தோடு வரும் பகல் நேரத்தில் இவர்கள் வீடு பூட்டிக் கிடக்கும். உள்ளே இருக்கிற டிரம்மை யாரும் பார்ப்பதில்லை. தெருவில் அடிக்கிற புகையும் கதவு சாத்திய வீட்டுக்குள் போகாது. ஏடிஸ் கொசுவோ கட்டிலுக்கடியிலும் தொங்கும் துணிமணிகளுக்குள்ளும் இருக்கும், பகலில்தான் கடிக்கும்.

டெங்குவில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உடம்பு நெருப்பாகக் கொதிக்கும்போது உயிராபத்து வருவது குறைவு. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். அப்போதுதான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழுகிறது. அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். தோட்டத்துக்குப் போகிற பெண் “இன்னைக்குத் தேவலை” என்று ஜீப் ஏறுவதும் அதே நாளில்தான். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கறுப்பு மலம், கை கால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது, சோர்ந்து கிடப்பது, இவற்றில் எது வந்தாலும் உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்கோ க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கோ உடனே கிளம்ப வேண்டும். “ஒரு ஊசி போட்டுவிடுங்க, நாளைக்கு வேலைக்குப் போகணும்” என்று கேட்டு வாங்கும் வலி ஊசி ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எதுவும் கூடாது. டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால், கூடவே கஞ்சி, இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல்.

மலைக்கு அந்தப் பக்கமும் கொசு உண்டு. 2006, 2007-ல் சிக்குன்குனியா கேரளத்தை உலுக்கியபோது, தோட்டப் பகுதிகளில் அதைப் பரப்பியது ஆசியப் புலிக்கொசு. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவர் எந்தப் பக்கத்து நோயையும் எந்தப் பக்கமும் கொண்டுபோவார். ஆகவே தேனி, இடுக்கி மாவட்டச் சுகாதாரத் துறைகள் வாராவாரம் காய்ச்சல் விவரத்தைப் பரிமாறிக்கொள்ள வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே செய்யக்கூடிய வேலைகளைச் சொல்கிறேன். எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் தண்ணீர் என்ற அட்டவணையைத் தெருமுனையில் ஒட்டி அதன்படி விட வேண்டும். தெரு வாரியாக குளோரின் அளவையும் தொட்டி கழுவிய தேதியையும் அதே பலகையில் எழுத வேண்டும். சாக்கடைக்குள் போகும் குழாய்களை மாற்ற வேண்டும். ஏழை வீடுகளுக்கு மூடியுள்ள டிரம் கொடுக்க வேண்டும், அபராதத்தைவிட அது மலிவு. கொசுப்புழு ஆய்வை மாலையிலும் விடுமுறை நாளிலும் வைக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் எடுத்து, எலிசா என்ற டெங்குப் பரிசோதனையின் முடிவை போனில் சொல்ல வேண்டும். ஜீப் திரும்பும் சாயங்கால நேரத்தில் ஸ்டாண்டிலேயே காய்ச்சல் முகாம் நடத்த வேண்டும்.

தேனி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. இவற்றைக் கேட்டுத் தெருவுக்கு ஒரு மனு எழுதுங்கள். தண்ணீர் வந்த தேதி, வராத தேதியை காலண்டரில் குறித்து வைத்து, அந்தத் தாளையும் மனுவோடு இணையுங்கள். குளோரின் பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.