மூன்று விடைகளும் சரி, மூன்று குறிப்புகளும் தவறு

சில மாதங்களுக்கு முன் படிவம் மூன்று மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, விண்வெளி வானிலை பற்றி இணையத்தில் தகவல் திரட்டி வரச் சொன்னேன். அடுத்த வாரம் வகுப்பில் ஒரு சின்னக் கேள்வி கேட்டேன். “சூரியனின் வெப்பநிலை எவ்வளவு?”

முதல் குழு 5,500 டிகிரி செல்சியஸ் என்றது. இரண்டாவது குழு, “இல்லை டீச்சர், ஒரு மில்லியன் டிகிரிக்கும் மேல்” என்றது. மூன்றாவது குழு 15 மில்லியன் என்று அடித்துச் சொன்னது. வகுப்பு இரண்டு பட்டது. ஒவ்வொரு குழுவும் மற்ற இரண்டு குழுக்களும் தவறு என்று நினைத்தது.

உண்மையில் மூன்று எண்களும் சரிதான். சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி. அதற்கு வெளியே கொரோனா எனப்படும் மெல்லிய வளிமண்டலம் ஒரு மில்லியன் டிகிரியைத் தாண்டும். நடுவில் இருக்கும் கருவம் சுமார் 15 மில்லியன் டிகிரி. மாணவர்கள் எண்ணை எடுத்து வந்தார்கள். அது சூரியனின் எந்தப் பகுதிக்கு உரியது என்பதை விட்டுவிட்டு வந்தார்கள்.

“எந்தப் பக்கத்தில் படித்தீர்கள்? திறந்து காட்டுங்கள், பார்ப்போம்” என்றேன். ஒரு மாணவர் கைப்பேசியை நீட்டினார். உலாவியில் நாற்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள் திறந்தபடியே கிடந்தன. அவற்றில் எது அந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. இன்றைய மாணவர்களிடம் தகவலுக்குப் பஞ்சமில்லை, குறிப்புக்குத்தான் பஞ்சம். அதற்கான குறிப்பேடு நாம் தினமும் திறக்கும் உலாவிக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் ஒட்டும் பசையாக அதைப் பயன்படுத்தினால், இல்லாமல் இருப்பதே மேல்.

எழுதவும் பிறந்ததுதான் வலை

உலாவி என்றால் பார்ப்பதற்கு மட்டும் என்று நாம் பழகிவிட்டோம். தொடக்கத்தில் அப்படி இல்லை. டிம் பெர்னர்ஸ் லீ 1990இல் உருவாக்கிய முதல் உலாவியில் பக்கங்களைப் படிக்கவும் முடியும், எழுதித் திருத்தவும் முடியும். 1993இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய மொசைக் உலாவியில், படிக்கும் பக்கத்தோடு சொந்தக் குறிப்பை இணைத்து வைக்கும் வசதி இருந்தது.

இந்த எண்ணம் கணினி வலைக்கும் முந்தியது. அமெரிக்கப் பொறியாளர் வானிவார் புஷ் 1945இல் எழுதிய ஒரு கட்டுரையில் மெமெக்ஸ் என்ற கற்பனைக் கருவியை விவரித்தார். மேசை வடிவிலான அந்தக் கருவியில் ஒருவர் தம் நூல்களையும் கடிதங்களையும் சேமிக்கலாம். ஒன்றோடொன்றை இணைக்கலாம், ஓரத்தில் குறிப்பும் எழுதலாம். ஆராய்ச்சி முடிவுகள் குவிந்துகொண்டே போகின்றன, அவற்றில் வேண்டியதைத் தேடி எடுக்கும் வழிதான் பழையதாகவே இருக்கிறது என்பது அன்றே அவருடைய கவலை. நாற்பது பக்கங்களைத் திறந்து வைத்துத் தடுமாறிய என் மாணவரின் கவலையும் அதுதான்.

குறிப்பேடு எங்கே இருக்கிறது?

குறிப்பு வசதியை இன்றும் தன்னுள்ளேயே வைத்திருக்கும் உலாவிகளில் விவால்டி நல்ல எடுத்துக்காட்டு. ஓப்பரா நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜான் வான் டெட்ச்னர் தொடங்கிய நிறுவனம் அதை உருவாக்கியது. முதல் முழுப் பதிப்பு 2016இல் வெளியானது. கணினியிலும் கைப்பேசியிலும் இலவசமாகக் கிடைக்கிறது.

கணினித் திரையின் பக்கவாட்டில் குறிப்புகளுக்கென்றே ஒரு பலகை திறக்கும். ஒரு பக்கத்தைப் படிக்கும்போது வேண்டிய வரியைத் தேர்ந்தெடுத்து, சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தினால் அதைக் குறிப்பாகச் சேர்க்கும் கட்டளை பட்டியலில் வரும். அழுத்தினால் அந்த வரியோடு பக்கத்தின் முகவரியும் தானாகவே பதிவாகிவிடும். பிறகு அந்தக் குறிப்பிலிருந்தே மூலப் பக்கத்துக்குத் திரும்பலாம். படம் இணைக்கலாம். பாடவாரியாகக் கோப்புறை அமைக்கலாம். பல நாள் கழித்து ஒரு சொல்லைக் கொண்டு தேடலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த முகவரிதான். எங்கிருந்து எடுத்தோம் என்பதை மறப்பது மனித இயல்பு. அதை உலாவி மறப்பதில்லை. என் வகுப்பில் நடந்த சண்டையைத் தீர்க்க அந்த ஒரு முகவரி போதுமாக இருந்திருக்கும்.

ஒட்டுவது குறிப்பாகாது

ஆனால் இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. ஒரு பத்தியைச் சேமித்ததும், “இது என்னிடம் இருக்கிறது” என்ற நிம்மதி வந்துவிடும். உலாவியிடம் இருப்பதும் மூளையிடம் இருப்பதும் ஒன்றல்ல.

அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்குச் சிறு பத்திகளைப் படிக்கக் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று சூரியனைப் பற்றியது. ஒரு சாரார் அதையே மறுபடியும் படித்தனர். மற்றொரு சாரார் பத்தியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. ஆகவே பத்தியைச் சேமிப்பது பாதி வேலைதான். பக்கத்தை மறைத்துவிட்டு, குறிப்புக்குக் கீழே உங்கள் சொந்தச் சொற்களில் ஒரு வரி எழுதுவது மீதிப் பாதி. அந்த ஒரு வரி எழுத வரவில்லை என்றால் உங்களுக்குப் புரியவில்லை என்று பொருள். அதை அங்கேயே, அப்போதே தெரிந்துகொள்வது எவ்வளவு நல்லது! தேர்வு மண்டபத்தில் தெரிந்துகொள்வதைவிட அது மேல்தானே?

செயற்கை நுண்ணறிவைச் சுருக்கித் தரச் சொல்லி அந்தச் சுருக்கத்தைச் சேமிப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. அதற்கும் இதே பதில்தான். மற்றவர் மென்ற கரும்பில் நமக்குச் சாறு இல்லை.

நான்கு வரிகள் போதும்

என் மாணவர்களுக்கு நான் சொல்லும் முறை எளிது. ஒரு குறிப்புக்கு நான்கு வரிகள்.

முதல் வரி, செய்தி. உங்கள் சொற்களில் ஒரே வாக்கியம். இரண்டாவது வரி, எண்ணும் அலகும் இடமும். ‘15 மில்லியன்’ என்று எழுதினால் அது குறிப்பே அல்ல. ‘15 மில்லியன் டிகிரி செல்சியஸ், சூரியனின் கருவம்’ என்று எழுதினால்தான் குறிப்பு. மூன்றாவது வரி, மூலமும் நீங்கள் படித்த தேதியும். நான்காவது வரி, உங்கள் மனத்தில் எழுந்த கேள்வி.

நான்காவது வரியை யாரும் எழுத விரும்புவதில்லை. ஆனால் அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது. சார்லஸ் டார்வின் தம் கருத்துக்கு எதிரான ஒரு செய்தியைக் கண்டால் உடனே தவறாமல் குறித்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர். நமக்குப் பிடிக்காத செய்திகள் மனத்திலிருந்து சீக்கிரம் நழுவிவிடும் என்பதை அவர் தம் அனுபவத்தில் கண்டிருந்தார். சூரியனின் கருவம் மிகவும் சூடு, மேற்பரப்பு அதைவிடக் குளிர்ச்சி. அப்படியானால் அதற்கும் வெளியே இருக்கும் கொரோனா ஏன் மறுபடி சூடாகிறது? என் மூன்று குழுக்களும் நான்காவது வரியை எழுதியிருந்தால் இந்தக் கேள்வி அவர்களுக்கே வந்திருக்கும். விஞ்ஞானிகள் இன்றும் முழு விடை தேடிக்கொண்டிருக்கும் கேள்வி அது.

நம் மலேசிய மாணவர்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் தமிழில் கற்ற அறிவியலை இடைநிலைப்பள்ளியில் மலாயில் கற்கிறோம். இணையத்தில் தேடும்போது பெரும்பாலும் ஆங்கிலத்தில் படிக்கிறோம். ஒரே கருத்து மூன்று பெயர்களில் வந்து மிரட்டுகிறது. சூரியக் காற்று, ஆங்கின் சூரியா, சோலார் விண்ட் மூன்றும் ஒன்றே என்று குறிப்பின் தலைப்பில் எழுதி வைத்துவிட்டால் பிறகு எந்த மொழியில் தேடினாலும் அந்தக் குறிப்பு கிடைக்கும். படிவம் ஒன்றில் நுழைந்ததும் திணறும் தம்பி தங்கைகளுக்கு அந்தக் குறிப்புகளே ஓர் அகராதியாக உதவும்.

காகிதம் போதாதா?

“நோட்டுப் புத்தகம் இருக்கும்போது இது எதற்கு?” என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. முல்லர், ஓப்பன்ஹைமர் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மடிக்கணினியில் குறிப்பெடுத்தவர்கள் விரிவுரையைச் சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்ய முனைந்தார்கள் என்றும், கையால் எழுதியவர்கள் கருத்து சார்ந்த கேள்விகளுக்கு மேலாக விடையளித்தார்கள் என்றும் கண்டார்கள். பின்னர் அதே சோதனையை மீண்டும் செய்தவர்களுக்கு இவ்வளவு தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை.

பேனாவா விசைப்பலகையா என்பதைவிட, நாம் யோசித்து எழுதுகிறோமா அப்படியே படியெடுக்கிறோமா என்பதுதான் முக்கியம் என நான் நினைக்கிறேன். வகுப்பில் பாடம் கேட்கும்போதும் வரைபடம் வரையும்போதும் காகிதத்தையே பயன்படுத்துங்கள். இணையத்தில் படிப்பதற்கு உலாவிக் குறிப்பு பொருத்தமானது. நீண்ட இணைய முகவரியைக் கையால் பிழையின்றி எழுதுபவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

தொலையாமல் இருக்க

ஓர் எச்சரிக்கை. பழைய ஓப்பரா உலாவியிலும் குறிப்பு வசதி இருந்தது. 2013இல் அந்த உலாவி புதிய அடித்தளத்துக்கு மாறியபோது அந்த வசதி கைவிடப்பட்டது. மைக்ரோசாப்ட் 2015இல் அறிமுகப்படுத்திய எட்ஜ் உலாவியில் இணையப் பக்கத்தின் மீதே கிறுக்கி எழுதலாம். 2020இல் எட்ஜ் புதிய அடித்தளத்தில் வந்தபோது அந்த வசதியும் போய்விட்டது. வீட்டுக்காரர் நினைத்தால் அறையை இடித்துக் கட்டலாம், நாம் குடியிருப்பவர்கள்தாம். ஆகவே தவணைக்கு ஒரு முறையாவது குறிப்புகளை வெளியே எடுத்து ஒரு கோப்பாகச் சேமித்து வையுங்கள்.

பள்ளிக் கணினியில் எழுதும் குறிப்பு அந்தக் கணினியிலேயே தங்கிவிடும். அடுத்து அமர்பவர் அதைப் படிக்க முடியும். கடவுச்சொல், வீட்டு முகவரி போன்றவற்றை எந்த உலாவிக் குறிப்பிலும் எழுதாதீர்கள். பல கருவிகளில் ஒரே குறிப்பைப் பார்க்க ஒத்திசைவு வசதியைப் பயன்படுத்தினால், விவால்டி அதை உங்கள் தனிக் கடவுச்சொல்லால் மறையாக்கம் செய்கிறது. அந்தக் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் ஒத்திசைத்த தகவலை நிறுவனத்தாலும் திறக்க முடியாது. அதை மட்டும் காகிதத்தில் எழுதிப் பத்திரமாக வீட்டில் வையுங்கள்.

இந்த வாரம் ஒரு வேலை

மாணவர்களே, உங்கள் உலாவியில் இப்போது எத்தனை பக்கங்கள் திறந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவற்றில் ஐந்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி எழுதுங்கள். எழுதியதும் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். நான்கு வரி எழுத ஒன்றுமில்லாத பக்கங்களையும் தயங்காமல் மூடுங்கள். அவற்றை நீங்கள் உண்மையில் படிக்கவே இல்லை.

என் வகுப்பில் அந்தச் சண்டை எப்படி முடிந்தது தெரியுமா? மூன்று குழுக்களும் மறுபடி தேடி, மூன்று எண்களையும் பகுதியின் பெயரோடு வெண்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார்கள். எழுதி முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கையை உயர்த்தினார். “டீச்சர், வெளியே போகப் போகக் குளிரத்தானே வேண்டும்?”

நான்காவது வரி அன்று ஒரு வாரம் தாமதமாக வந்தது. உங்களுக்கு அது இன்றே வரட்டும்.