துருப்பிடித்த வில்லும் தொழிலாளியின் உயிரும்

2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் சரக்கு லோரியொன்று மோதிக் கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் மாண்டனர். அந்த லோரியின் ஸ்டியரிங் செயலிழந்ததை விசாரணைக் குழு வெளிப்படுத்தியது. விபத்தென்றால் ஓட்டுநரை மட்டும் ஏசிவிட்டுப் போவது போதாது. வண்டியின் அடியில் கிடக்கும் இரும்பையும் குனிந்து பார்க்க வேண்டும்.

பினாங்கிலும் பிறையிலும் ஓடும் வண்டிகளுக்குக் கடலின் உப்புக் காற்று ஒரு பகை. தோட்ட லோரிகளுக்கு இன்னொரு பகையும் உண்டு. பாலை உறைய வைக்கப் பார்மிக் அமிலம் சேர்க்கிறோம். கட்டிப்பாலிலிருந்து கசியும் புளித்த நீர் லோரித் தட்டின் இடுக்கு வழியே சொட்டி, வில்பட்டைகளிலும் அவற்றைப் பிணைக்கும் போல்ட்டுகளிலும் விழுகிறது.

அடுக்கிய பட்டைகளுக்கிடையே தங்கும் ஈரம் எளிதில் காய்வதில்லை. துரு அங்கே சிறு குழிகளைத் தோண்டுகிறது. செம்மண் பாதையின் ஒவ்வொரு குலுக்கலிலும் அக்குழியிலிருந்து வெடிப்பு வளர்கிறது. ஒரு நாள் மூலப்பட்டை ஒடிகிறது; அச்சு விலகுகிறது; எத்தனை கெட்டிக்கார ஓட்டுநராயினும் வண்டி அவர் சொற்படி கேளாது.

"ஆறு மாதத்துக்கொரு முறை பரிசோதனைக்கு அனுப்புகிறோமே" என்று நிர்வாகம் சொல்லலாம். பரிசோதனை ஒரு நாள். துருவுக்கோ ஓய்வு நாளே கிடையாது. கட்டிப்பால் ஏற்றிய அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். ஒடிந்த பட்டையைப் பற்றவைத்து ஓட்டக்கூடாது. அந்தச் சூட்டில் எஃகின் பதம் கெடும். புதுப் பட்டைதான் போட வேண்டும். இதற்காகும் செலவு ஓர் உயிரின் விலையாகுமா?

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்டுநர் சொல்லும் குறையைத் தேதியோடு புத்தகத்தில் எழுதி, நிர்வாகியின் கையொப்பம் வாங்குங்கள். வாய்ச் சொல் காற்றில் போகும், எழுத்து நிற்கும்.

1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் வாகனத்தையும் உள்ளடக்கியது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து உண்டென்று நம்பத் தக்க காரணமிருந்து, அதை அறிவித்தும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அவ்வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது.

விபத்துக்குப் பின் சொக்சோ பணம் வரும்; போன உயிர் வராது. ஆகவே தோழர்களே, ஏறுமுன் குனிந்து பாருங்கள். ஒடிந்த வில்லைக் கண்டால் முதலில் அறிவியுங்கள். திருத்தும் வரை ஏற மறுங்கள். சங்கம் உங்கள் பின்னால் நிற்கும்.