படம் எடுப்பார் ஒருவர், விலையிடுவார் ஒருவர்

விற்போன் ஒருவனும் வாங்குவோன் ஒருவனும் எதிரெதிர் நின்று பேசி முடிக்கும் விலையே விலை என்பது சந்தை வழக்கு. சொன்ன விலை தனக்குக் கட்டாதென்று கண்டால் விற்போன் தன் பொருளை மூட்டை கட்டிக்கொண்டு வீடு திரும்பலாம். அவ்வுரிமை அவனுக்கு உள்ள வரையில், விலை எத்துணைத் தாழ்ந்ததாயினும் அதனை அநீதி என்று கூறுவதற்கில்லை. ஆனால், பொருள் ஒருவருடையதாகவும் அதற்கு விலையிடும் அதிகாரம் வேறொருவருடையதாகவும் இருந்து, விலை குறைவதால் வரும் நஷ்டம் முன்னவரையும், விற்பனை பெருகுவதால் வரும் லாபம் பின்னவரையும் சாருமாயின், ஆண்டுச் சந்தை நியாயம் பேசுதல் பொருந்துமோ? இக்காலத்துப் புகைப்படக்காரர் பலர், தம் படங்களை விற்றுக்கொடுக்கும் ஏஜென்ஸிகளை நோக்கிக் கேட்கும் கேள்வி இதுவே. அக்கேள்வி நியாயமானதென்பதே இச்சிறு கட்டுரையின் துணிபு.

முதற்கண் இவ்வாணிகத்தின் இயல்பை அறிதல் வேண்டும். பத்திரிகைகளிலும் விளம்பரங்களிலும் பாடப் புத்தகங்களிலும் நாம் காணும் படங்கள் யாவும் அவ்வவற்றிற்கென்றே எடுக்கப்பட்டனவல்ல. வயலில் நிற்கும் உழவன், நோயாளியின் அருகிருக்கும் செவிலி, மழை பெய்யும் வீதி, மேசைமேற் கிடக்கும் காசுகள் என்று, இன்னார்க்கு இது பயன்படும் என்னும் உறுதியின்றி முன்கூட்டியே எடுத்துச் சேர்த்துவைத்த படங்கள் அவற்றுட் பலவாம். இவற்றை ‘ஸ்டாக்’ படங்கள் என்பர். இருப்புப் படங்கள் என நாம் கூறலாம். இவ்வழக்கம் புதியதன்று. ஜெர்மனியை விட்டு வெளியேறி அமெரிக்கா சேர்ந்த ஆட்டோ பெட்மன் என்பார் 1936-ம் ஆண்டில் நியூயார்க்கில் நிறுவிய படக் களஞ்சியம் உலகப் பிரசித்தி பெற்றது.

இருப்புப் படத்தை விற்பதென்பது படத்தையே கைமாற்றிக் கொடுத்துவிடுவதன்று. அதனைப் பயன்படுத்தும் உரிமையை விற்பதேயாம். பழைய முறையில், படம் எவ்வளவு பெரிதாக அச்சாகும், எத்தனை பிரதிகளில் வரும், எத்தனை காலம் வழங்கும் என்பவற்றை விசாரித்தே விலை கூறுவர். சிற்றூர்ப் பத்திரிகைக்கு ஒரு விலை. நாடெங்கும் ஒட்டப்படும் விளம்பரத்திற்குப் பிறிதொரு விலை. மற்றொரு முறையோ, ஒருமுறை பணம் செலுத்தியபின் வேண்டியவாறெல்லாம் பலகாலும் பயன்படுத்திக்கொள்ள இடந்தருவது. 1991-ம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தோன்றிய போட்டோடிஸ்க் என்னும் நிறுவனம் குறுந்தகடுகளில் படங்களைத் தொகுத்து இம்முறையில் விற்றுப் பெரிதும் பரப்பிற்று. 2019-ம் ஆண்டின் இறுதியில் கெட்டி இமேஜஸ் நிறுவனம், செய்திப் படமல்லாத தன் கலைப்படங்களுக்குப் பழைய முறையைக் கைவிடப்போவதாக அறிவித்தது. பயனுக்கேற்ற விலை என்னும் அளவுகோல் இங்ஙனம் பெரும்பாலும் மறைந்தது.

விலை வீழ்ந்த வரலாறும் அறியத்தக்கது. 2000-ம் ஆண்டில் கனடா நாட்டுக் கால்கரி நகரில் புரூஸ் லிவிங்ஸ்டன் என்பார் ஐஸ்டாக்போட்டோ என்னும் இணையத் தளத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் அது படம் எடுப்போர் தம்முள் இலவசமாகப் படங்களை மாற்றிக்கொள்ளும் இடமாகவே இருந்தது. பின்னர்ச் செலவை ஈடுசெய்யும்பொருட்டுச் சில சென்டுகள் விலை வைக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான டாலர்களுக்கு விற்ற படத்திற்கு நிகரானது ஒரு டாலருக்குக் கிடைக்கத் தொடங்கவே, வாங்குவோர் அங்கே திரண்டனர். 2003-ம் ஆண்டில் ஜான் ஓரிங்கர் என்பார் தாமே எடுத்த 30,000 படங்களை முதலாகக் கொண்டு நியூயார்க்கில் ஷட்டர்ஸ்டாக் நிறுவனத்தைத் தொடங்கி, மாதச் சந்தா செலுத்தினோர் ஏராளமான படங்களைப் பெறலாம் என்னும் ஏற்பாட்டைக் கொணர்ந்தார். 2006-ம் ஆண்டில் கெட்டி நிறுவனம் ஐஸ்டாக்போட்டோவை 5 கோடி டாலருக்கு விலைக்கு வாங்கிற்று. மலிவு வாணிகத்தை எதிர்க்க வேண்டிய பெருநிறுவனமே அதனைத் தன் உடைமையாக்கிக்கொண்டபின், பழைய விலைக்குக் காவலர் எவரும் இலராயினர்.

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் காட்டலாம். 2009-ம் ஆண்டு ஏப்ரல் 27-ம் தேதியிட்ட ‘டைம்’ பத்திரிகையின் அட்டையில், காசுகள் இட்ட கண்ணாடி ஜாடி ஒன்றின் படம் வெளிவந்தது. அமெரிக்கர் சிக்கனத்தைக் கைக்கொள்ளுதல் அவ்விதழின் பொருள். உலகெங்கும் பரவிய அவ்விதழின் முகப்பிற்கு ஐஸ்டாக்போட்டோவிலிருந்து பெற்ற அப்படத்தால் படமெடுத்தவர் கைக்கு வந்தது ஏறத்தாழ 30 டாலரேயாம். இத்தகைய அட்டைப்படத்திற்கு ஆயிரக்கணக்கில் ஊதியம் பெறுதல் முன்னாள் வழக்கம். சிக்கனம் பற்றிய இதழுக்குச் சிக்கனமாகவே படம் கிடைத்ததென்று நகையாடினாரும் உளர். படத்தின் ஆசிரியரோ தம் படம் அவ்விடத்தில் வந்ததே பெரும்பேறென மகிழ்ந்தார். அவர் மகிழ்ந்தாரெனின் நாம் வருந்துவானேன் என்று சிலர் வினவுவர். அவர்க்கு அது மகிழ்ச்சியே. ஆயின் அதே தொழிலால் குடும்பம் புரப்போர், அட்டைப்படத்தின் விலை இனி இதுவோ என்று திகைத்தது வியப்பன்று.

விலை தாழ்ந்தது ஒருபுறமிருக்க, தாழ்ந்த விலையிற் பெறும் பங்கும் தேய்ந்தது. ஷட்டர்ஸ்டாக் நிறுவனத்தில் சந்தாவழியே படம் ஒன்று எடுத்துக்கொள்ளப்படுந்தோறும், அதற்குரியவர் தாம் அதுகாறும் ஈட்டிய மொத்தத் தொகைக்கேற்ப 25 சென்டு முதல் 38 சென்டு வரையிற் பெற்றுவந்தனர். 2020-ம் ஆண்டு ஜூன் 1-ம் தேதி முதல் அம்முறை மாற்றப்பட்டது. வாங்குவோர் படத்திற்குச் செலுத்தும் தொகையில் 15 விழுக்காடு முதல் 40 விழுக்காடு வரை ஆறு படிகள் வகுக்கப்பட்டன. ஓராண்டில் விற்கும் படங்களின் எண்ணிக்கையே படியேறுதற்கு அளவாயிற்று. முதல் 100 படங்கள் விற்கும் வரையில் 15 விழுக்காடே கிடைக்கும். 40 விழுக்காட்டைப் பெறுதற்கோ ஓராண்டில் 25,000 படங்களுக்குமேல் விற்றாக வேண்டும். இதனினும் கொடிது, ஒவ்வோராண்டும் ஜனவரி முதல் தேதியன்று எல்லாரும் மீண்டும் முதற்படியிலேயே நிறுத்தப்படுவர் என்பது. பதினைந்தாண்டு பழகியவரும் நேற்று வந்தவரும் அன்று ஓரணியினரே. பெருந்தொகுதியாக மலிவிற் பெறும் வாடிக்கைக்காரர் எடுக்கும் படத்திற்குக் கடைக்கோடிக் கூலி 10 சென்டு என்றாயிற்று. பத்துப் படம் விற்றால் ஒரு டாலர். ஆயிரம் படம் விற்றால் நூறு டாலர்! இதனைக் கண்டு மனம் பொறாத பலர் தம் படங்களை அந்நாட்களில் விற்பனையினின்றும் விலக்கிக்கொண்டனர்.

இனி, மறுபக்கத்தார் கூறுவனவற்றையும் நடுவுநிலையுடன் ஆராய்தல் கடன். அவர் கூறுவன மூன்று. படத்தைப் பிரதி செய்தற்குச் செலவே இல்லை. ஆதலின் எத்தனை முறை விற்றாலும் அத்தனையும் லாபமே என்பது ஒன்று. கேமராவும் கைப்பேசியும் எல்லார் கையிலும் வந்துவிட்டமையால் படங்கள் மிகுந்தன. மிகுந்த பொருள் மலிதல் இயற்கை என்பது இரண்டாவது. மலிவினாலன்றோ சிறு பள்ளியும், ஏழைச் சங்கமும், புதிதாய்த் தோன்றிய பத்திரிகையும் நல்ல படங்களைப் பெற முடிந்தது என்பது மூன்றாவது.

இவற்றுள் மூன்றாவதை நாம் முழுமனத்துடன் ஒப்புகின்றோம். எளியோர்க்குக் குறைந்த விலையில் படம் கிடைத்தல் நன்றே. ஆயின், எளிய பள்ளிக்கு உதவும் அதே விலையில் பெருநிறுவனமும் பெற்றுக்கொள்வதற்கு நியாயம் யாது? பயனுக்கேற்ற விலை இருந்த காலத்தில் எளியார்க்குச் சலுகையும் இருந்தது. வலியாரிடம் உரிய ஊதியமும் பெறப்பட்டது. இரண்டாவதும் ஓரளவு உண்மையே. திறமையுள்ள புதியவர் வரவை எவரும் தடுத்தல் தகாது. ஆயின் சந்தா விலையைச் சந்தையின் ஏற்றத்தாழ்வு மட்டும் நிருணயிக்கவில்லை. வாடிக்கைக்காரரைப் போட்டியாளரிடமிருந்து கவரும்பொருட்டு நிறுவனங்கள் தாமே அதனைத் தாழ்த்தின. முதலாவது கூற்றோ, பார்வைக்குப் பொருத்தமுடையதாய்த் தோன்றி, ஆராயுமிடத்து நிலைகுலைவது. பிரதி எடுப்பதற்குச் செலவில்லை. படம் எடுப்பதற்கோ செலவுண்டு. கேமரா, கண்ணாடி வில்லைகள், விளக்குகள், பயணம், படத்தில் தோன்றுவோர்க்கு ஊதியம், அவரிடம் கையெழுத்திட்டுப் பெறும் இசைவுச் சீட்டு, பின்னர்க் கணிப்பொறியில் திருத்தம், தேடுவோர் கண்ணிற் படுமாறு ஒவ்வொரு படத்திற்கும் தேடற்சொற்களைப் பொறுக்கிச் சேர்க்கும் சலிப்பு மிக்க வேலை — இவை யாவும் விற்பனைக்கு முன்னரே படக்காரர் கைம்முதலாக இட்டவை. படம் விலைபோகாவிடின் இவற்றுள் ஒன்றும் ஏஜென்ஸியின் நஷ்டமாகாது. விதைத்தவனே வறட்சியைத் தாங்க, விளைந்தால் மட்டும் பங்குக்கு வருவோன் விளைச்சலின் விலையையும் குறைப்பானாயின் அதனைக் கூட்டுப் பயிர் என்பார் யாவர்?

ஆதலின் விலை குறைதல் என்பது தன்னளவிற் குற்றமன்று. பொருளுக்குரியவரைக் கேளாது குறைத்தலே குற்றம். ஏஜென்ஸி என்பது பொருளின் சொந்தக்காரன் அன்று. பிறர் பொருளை நம்பிக்கையின்பேரில் கையேற்று விற்பவன். உடன்படிக்கையில் விலையை மாற்றும் அதிகாரத்தை அவர்களே எழுதிக்கொடுத்தனரே என்று கூறலாம். பல நாள் உழைத்து ஆயிரக்கணக்கான படங்களை ஓரிடத்திற் சேர்த்துவிட்ட ஒருவர், புதிய நிபந்தனை வந்த அன்றே யாவற்றையும் பெயர்த்துக்கொண்டு வேறிடம் செல்லல் எளிதோ? சென்றாலும் அங்கும் அதே விலை காத்திருக்கின்றது. மறுப்பதற்கு இயலாதவர் இடும் கையொப்பம் உடன்பாடு எனப்படினும் உள்ளத்தின் உடன்பாடு ஆகாது.

எதிர்ப்பால் பயன் விளையாமற் போகவில்லை. இங்கிலாந்திலுள்ள அலமி நிறுவனம் 2018-ம் ஆண்டு டிசம்பரில், படக்காரர்க்குக் கொடுத்துவந்த 50 விழுக்காட்டை 40 ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பலத்த கண்டனம் எழவே, அந்நிறுவனத்திற்கே தனியுரிமையாகத் தரும் படங்களுக்குப் பழைய பங்கே நீடிக்கும் என்று இறங்கிவந்தது. ஆயினும் 2021-ம் ஆண்டின் புதிய உடன்படிக்கையில் அச்சலுகையும் சுருங்கிற்று. ஒருவர் தயவால் வந்தது அவர் மனம் மாறினால் மறையும் என்பதற்கு இது சான்று.

உரிமையாய் நிற்கும் ஏற்பாடே வேண்டுவது. அதற்கும் முன்மாதிரி உண்டு. 1947-ம் ஆண்டில் ராபர்ட் காப்பா, கார்த்தியே பிரெஸ்ஸோன் முதலிய பெரும்புகழ்ப் புகைப்படக்காரர்கள் மாக்னம் என்னும் கூட்டுறவு நிலையத்தை நிறுவினர். தாம் எடுத்த படத்தின் பதிப்புரிமை தமக்கே உரியதாதல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. நம் காலத்தில், 2013-ம் ஆண்டு கனடாவின் விக்டோரியா நகரிலிருந்து ஸ்டாக்ஸி என்னும் கூட்டுறவு நிறுவனம் விற்பனையைத் தொடங்கிற்று. படம் அளிப்போரே அதன் அங்கத்தினர், வாக்குரிமை உடையோர். சாதாரண உரிமத்திற்கு 50 விழுக்காடும், விரிந்த உரிமத்திற்கு 75 விழுக்காடும் படமெடுத்தவருக்கு அளிப்பதென வகுத்துக்கொண்டனர். அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவர் யார் எனின், சென்டுக்குப் படம் விற்கும் வழியைத் திறந்த அதே புரூஸ் லிவிங்ஸ்டனே! மலிவின் வாயிலைத் திறந்தவரே கூட்டுறவின் வாயிலையும் திறந்தது கருதத்தக்கது.

இப்போது புதியதோர் இடர் சேர்ந்துள்ளது. சொல்லிய மாத்திரத்தில் படம் புனைந்து தரும் கணிப்பொறிகளுக்குப் பயிற்சியளிக்க இருப்புப் படங்களே கருவியாகின்றன. 2022-ம் ஆண்டு அக்டோபரில் ஷட்டர்ஸ்டாக், ஓப்பன்ஏஐ நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்ததை அறிவித்து, பயன்படும் படங்களுக்குரியவர்க்கு ஈடுசெய்ய நிதியொன்று அமைப்பதாகவும் கூறிற்று. கெட்டி நிறுவனமோ, தன்னிடமுள்ள படங்களை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக ஸ்டெபிலிட்டி ஏஐ நிறுவனத்தின்மீது 2023-ம் ஆண்டில் வழக்குத் தொடுத்தது. எம்மைக் கேளாது எடுத்தல் தகாது என்பது அவ்வழக்கின் சாரம். படக்காரரும் ஏஜென்ஸிகளிடம் இதனைத்தானே நெடுநாளாய்க் கூறிவருகின்றனர்? தமக்கு நியாயம் கேட்போர் அதே நியாயத்தைப் பிறர்க்கும் அளித்தல் முறையன்றோ?

ஆதலின் செய்யத்தக்கன சிலவற்றைச் சொல்லி முடிப்போம். ஒவ்வொரு படத்திற்கும் இதற்குக் கீழே விற்றல் கூடாதென்று ஓர் எல்லை விலை குறிக்கும் உரிமை படக்காரர்க்கு இருத்தல் வேண்டும். எந்தப் படம், எவர்க்கு, எவ்விலைக்கு விற்றது என்னும் கணக்கு அவர்க்குத் தெளிவாய்க் காட்டப்படல் வேண்டும். பங்கைக் குறைப்பதாயின் உரிய காலத்தில் அறிவித்து அவர் இசைவைப் பெறல் வேண்டும். இவை எல்லாம் பேராசையால் எழுந்த கோரிக்கைகள் அல்ல. பிறர் பொருளை விற்கும் எந்த நேர்மையான வணிகனும் கடைப்பிடிக்கும் சாதாரண ஒழுங்குகளேயாம்.

நம் நாட்டு இளைஞரும் இன்று கேமராவும் கைப்பேசியும் கொண்டு இந்நிலையங்களுக்குப் படம் அனுப்பிவருகின்றனர். மாணவ நண்பர்காள்! நீவிரும் அனுப்புவீராயின், உடன்படிக்கையை முற்றும் படித்தபின்னரே கையொப்பமிடுமின். பிறர் எடுத்த படத்தை நும் சஞ்சிகைக்கோ விளம்பரத்திற்கோ வேண்டுவீராயின், எடுத்தவர்க்கு அதில் எவ்வளவு சேரும் என்று ஒருமுறை வினவுமின். இயன்றால் அவரிடமே நேரிற் பெறுமின். வாங்குவோர் வினவத் தொடங்கினால் விற்போர் விடைகூறத் தொடங்குவர். படத்தைக் கண்டு மகிழும் கண், அதனை எடுத்த கையையும் நினைதல் நன்று.